உப்புக் காற்றில் ஒட்டுப்போர்வையும் பையும்: தையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் பக்கம் கடலைப் பார்த்த வீடு எங்களுடையது. சன்னலைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் தையல் மிஷின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம். பொழுதுபோக்காகத் தைக்கத் தொடங்கிய புதிதில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துண்டுத் துணிகளை இணைத்த மேல் துணி, உள் அடுக்கு, அடித் துணி எனச் சேர்த்துத் தைப்பதுதான் ஒட்டுப்போர்வை. முதல் போர்வையின் அடுக்குகளைக் குண்டூசியால் பிணைத்தேன். அதற்குள் ஒரு கல்யாண வேலை வர, மூன்று வாரம் அப்படியே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் குத்தின இடமெல்லாம் துருப் பொட்டு. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டதில் பாதிதான் போனது.

அதனால் இங்கே முதல் தவறு, துணியில் ஊசியை விட்டுவிட்டு எழுந்து போவது. அடுக்குகளைப் பிடித்து நிறுத்த, நான்கு விரல் இடைவெளியில் கையாலேயே பெரிய ஓட்டுத் தையல் போடுங்கள். வேலை முடிந்ததும் உருவிவிடலாம். அதையும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போட வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் குவிந்து, அடியில் மடிப்பு விழும். மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. நாளடைவில் அது பிசினாகி வீலையே இறுக்கிவிடும். மிஷின் ஆயில் மட்டும் போதும்.

அடுத்தது உள் அடுக்கு. வீடியோக்களில் தடிமனான பாலியஸ்டர் பஞ்சை வைத்துத் தைக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது குளிர் நாட்டுக்காரர்களின் தேவை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் படுக்க முடியாது. எங்கள் அப்பத்தா பழைய நூல் சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை, வாடைக் காற்று வீசும் மார்கழிக்கும் தாங்கியது, பங்குனியில் கீழே விரிக்கவும் ஆனது. நானும் இப்போது உள்ளே வைப்பது பழைய நூல் சேலைதான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல தடவை துவைத்த சேலை இனிச் சுருங்காது, மேலே வைக்கும் புதுத் துணி சுருங்கும். அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். புதுத் துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சிவப்பும் கருநீலமும் என்றால், ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். கடைசி அலசலை உப்புத் தண்ணீரில் செய்தால், துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைத் துணிக்கா ஊற்றுவது என்று வீட்டில் சண்டை வரலாம். எங்கள் வீட்டில் வந்தது.

அளவில் செய்யும் தவறு கண்ணுக்கே தெரியாது. ஆசாரிமார் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். 5 இஞ்சுச் சதுரம் பதின்மூன்றை, கால் இஞ்ச் தையலுக்கு விட்டு வரிசையாக இணைத்தால் 59 இஞ்ச் வர வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டிலும் அரை அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால், 12 இணைப்பில் ஒன்றரை இஞ்ச் காணாமல் போகும். அப்புறம் பக்கத்து வரிசையோடு மூலை சேராது. இழுத்துச் சேர்க்கத் தோன்றும். இழுக்காதீர்கள், பிரித்துத் தையுங்கள்.

பைக்கு வந்தால், உலோக ஜிப் வேண்டாம். உப்பில் பூத்துப்போய்ப் பாதியில் நிற்கும். நைலான் ஜிப் வாங்குங்கள். கனமான துணியை 14ஆம் நம்பர் ஊசியில் ஓட்டினால் தையல் விட்டு விட்டு விழும், ஊசியும் உடையும். 16 அல்லது 18 போடுங்கள். ரெக்ஸினுக்குக் குண்டூசி கூடாது, குத்தின துளை மூடாது. கிளிப் போட்டுக்கொள்ளலாம். தையலும் சற்று இடைவெளி விட்டு விழட்டும். நெருக்கித் தைத்தால் தபால்தலை கிழிவது போல அந்த வரியிலேயே கிழியும்.

பக்கத்து வீட்டு அக்கா மீன் வாங்கும் பைக்கு, வலை மிச்சத்திலிருந்து எடுத்த தங்கூசி என்னும் நைலான் நரம்பால் பிடி தைத்தார். மீனையே பிடிக்கிற நரம்பு பையைத் தாங்காதா என்று கேட்டார். நரம்பு அறவில்லை, துணியைத்தான் அறுத்தது. முடிச்சும் வழுக்கியது. இரண்டு கிலோ சங்கரா தெருவில். இந்தத் தடவை பாலியஸ்டர் நூலை எடுத்து, பிடியின் நுனியை வாய் ஓரத்திலிருந்து ஒன்றரை இஞ்ச் கீழே இறக்கி, சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி போல இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். உள்பக்கம் ஒரு துண்டுத் துணியும் வைத்தேன். நேற்று அதில் தேங்காய் எட்டு தூக்கி வந்தார்.