ஊரில் ஒன்றுகூடல் வைக்கப் போகிறவர்களுக்கு

விடுமுறையில் யாழ்ப்பாணம் போய்ப் பழைய வகுப்புத் தோழர்களைக் கூட்ட நினைத்தால் முதலில் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். சாப்பாடும் பதாகையும் பிறகுதான். மூன்று வாரப் பயணத்தில் ஐந்து நாளை நான் இதற்கே கொடுத்தேன்.

கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல்தான் பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டோம். அதிபர் மறுக்கவில்லை, வலயக் கல்விப் பணிமனையின் கடிதம் வேண்டும் என்றார். பணிமனையில், விண்ணப்பம் அதிபர் ஊடாக வர வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். மறுநாள் அதிபர் கூட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் அவருடைய கையெழுத்தோடு போனால், உரிய அலுவலர் வெளிவேலையில் இருந்தார். சுவரோர வாங்கில் மதியம்வரை இருந்தேன். மகளின் பாடசாலை மாற்றத்துக்காக வந்த ஒரு தாய் எனக்கும் முன்பிருந்தே அங்கே காத்திருந்தார். அவருக்கு அது எத்தனையாவது நாளோ.

நான்காம் நாள் அலுவலர் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். கீழே ஐந்து கையெழுத்துகள்: ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச். ஒவ்வொரு முகவரியிலும் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார்.

"ஐயா, மண்டபத்துக்கு ஏதும் நடந்தால் நாங்கள் யாரைக் கேட்பது? இங்கே இருக்கிற ஒருவர்கூட இதில் இல்லையே."

கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் கேட்டதில் பிழை இல்லை. எட்டு மாதம் வாட்ஸ்அப்பில் திட்டம் போட்ட நாங்கள், ஊரில் இருப்பவர்களுக்குத் திகதியை மட்டும் அறிவித்திருந்தோம்.

எட்டாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் இருந்தவன் சந்தையடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கிரீஸ் கையைத் துடைத்து, தாளில் கறை படாமல் நுனியைப் பிடித்துக் கையெழுத்திட்டான். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தான். பதினொரு மணிக்குள் கடிதம் கிடைத்தது.

"தையிலேயே சொல்லியிருந்தால் நானே வாங்கி வைத்திருப்பேனே" என்றான்.

ஆகவே விண்ணப்பம் ஊரில் இருப்பவர் பெயரில் போகட்டும். திகதியையும் அவர்களே குறிக்கட்டும். ஆகஸ்ட் என்றால் விடுமுறை என்ற பழைய நினைப்பில் டிக்கெட் எடுக்காதீர்கள். கோவிடுக்குப் பிறகு பாடசாலைத் தவணைகள் இடம் மாறின.

போரால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் வகுப்புப் படம் எவர் வீட்டிலும் மிஞ்சவில்லை. யார் எந்த வாங்கில் இருந்தார்கள் என்று நினைவிலிருந்து பெயர்களை எழுதினோம். அப்படி எழுதும் பட்டியலை ஊரில் ஒருவரிடம் காட்டாமல் அழைப்பு அனுப்பாதீர்கள். இறந்துபோனவன் ஒருவனின் தாய்க்கு எங்கள் அழைப்பு போய்ச் சேர்ந்தது.

தலைக்கு இவ்வளவு என்று பணம் குறிக்க வேண்டாம். கொடுக்க முடியாதவன் காரணம் சொல்லாமல் வராமல் விட்டுவிடுவான். சாப்பாட்டுக்குப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் போதும். ஒருவன் நண்டு, ஒருவன் மீன், ஒருத்தி பயற்றங்காய் என்று கொண்டுவந்தார்கள். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்தோம். ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் கொடி ஏறினால் திருவிழா முடியும் 25 நாளும் பல வீடுகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. அதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

கிடாரமும் கதிரைகளும் சனசமூக நிலையத்தில் கேட்டு வாங்கலாம். கழுவித் திருப்பிக் கொடுக்க மறுநாள் ஆள் வேண்டும். நான் அன்றிரவே கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டேன்.