பொட்டுக்கடலை பான்கேக்: புரோட்டீன் பவுடர் இல்லாமலே

முதல் தடவை புரோட்டீன் பான்கேக் செய்தபோது, புரோட்டீன் பவுடரை இரண்டு ஸ்கூப் தாராளமாக அள்ளிப் போட்டேன். எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு சத்து என்ற கணக்கு. கல்லிலிருந்து எடுத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆறியதும் பிய்க்க வரவில்லை. வீட்டில் ஒருவர் அதைக் கையில் வளைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு வார் மட்டும் மாட்டிட்டா போதும், செருப்பு ரெடி" என்றார். பாலிலிருந்து எடுக்கிற அந்த வே புரதம் சூடு பட்டதும் இறுகும், அளவு மீறினால் ரப்பராகிவிடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதோடு பவுடரை விட்டுவிட்டேன். இப்போது செய்வதெல்லாம் பொட்டுக்கடலையில்தான். கடலை மாவிலும் செய்து பார்த்தேன். இனிப்புப் பண்டத்தில் அதன் பச்சை வாசனை லேசில் போவதில்லை, பஜ்ஜி மாவைக் கடித்த மாதிரி இருக்கும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. மைதாவில் அதில் பாதிதான்.

"அடை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடைக்குப் பருப்பு ஊற வேண்டும், காலை ஏழு மணிக்குத் தோன்றினால் ஏழரைக்கு அடை கிடைக்காது. இது கிடைக்கும். தவிர, அடையைக் கண்டால் முகம் சுளிக்கிற பிள்ளைகள் இதை இன்னொன்று கேட்கிறார்கள்.

இரண்டு பேருக்கு, ஆறு பான்கேக் வருகிற அளவு:

பொட்டுக்கடலை – 40 கிராம் (கால் கப்)
ஓட்ஸ் – 40 கிராம் (அரை கப்)
முட்டை – 2
பனீர் – 50 கிராம்
நன்றாகக் கனிந்த வாழைப்பழம் – 1
பால் – 60 மில்லி (கால் கப்)
பேக்கிங் பவுடர் – 1 டீஸ்பூன்
உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் 2, கல்லில் தடவ நெய்

பழத்தின் தோலில் கரும்புள்ளி விழுந்திருக்கட்டும். அந்த இனிப்பே போதும், சர்க்கரை தேவைப்படாது.

முதலில் பொட்டுக்கடலை, ஓட்ஸ், ஏலக்காய் மூன்றையும் ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் நைஸாகப் பொடித்து ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். அதே ஜாரில் பனீர், பழம், பால் போட்டு மையாக அரையுங்கள். பனீர் திப்பியாக நின்றால் கல்லில் ஒட்டும், அதனால் இங்கே அவசரம் வேண்டாம். கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றி ஒரே ஒரு சுற்று. இதைப் பொடியில் ஊற்றி, உப்பும் சேர்த்துக் கரண்டியால் கலக்குங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக மிக்ஸியில் போட்டு அடித்தால் வேலை சுலபம்தான். ஆனால் ஈரத்தோடு அதிகம் அரைபட்ட ஓட்ஸ் கொழகொழவென்று ஆகிவிடும், வெந்த பிறகும் நடுவில் அந்தப் பிசுக்கு தெரியும்.

கலக்கிய மாவைப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஓட்ஸும் கடலையும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு கெட்டியாகும். தோசை மாவைவிடக் கெட்டியாக, இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக இருந்தால் சரி. ரொம்ப இறுகியிருந்தால் ஒரு ஸ்பூன் பால் விடலாம். கல்லை அடுப்பில் வைத்த பிறகுதான் பேக்கிங் பவுடரைச் சேர்க்க வேண்டும். ஈரம் பட்ட உடனே அது வேலையைத் தொடங்கிவிடும், முன்கூட்டியே போட்டால் காற்றெல்லாம் கிண்ணத்திலேயே போய்விடும். பேக்கிங் பவுடர் இல்லை, சமையல் சோடாதான் இருக்கிறது என்றால் கால் டீஸ்பூன் போதும். ஆனால் சோடா பொங்கப் புளிப்பு வேண்டும், எனவே பாலில் இரண்டு டேபிள்ஸ்பூனைக் குறைத்து அந்த அளவு புளித்த தயிர் சேருங்கள்.

இனி சுடுவது. தோசை சுட்டுப் பழகிய கைக்கு இதில்தான் தடுமாற்றம் வரும். தோசைக்குக் கல் நன்றாகக் காய வேண்டும். இதற்கு அவ்வளவு சூடு ஆகாது. முட்டையும் பனீரும் அதிகச் சூட்டில் இறுகும், பழத்தில் இருக்கிற சர்க்கரை கருகும், உள்ளே மாவு அப்படியே பச்சையாக இருக்கும். மிதமான தீயில் கல்லைக் காயவைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, தீயைக் குறைத்து அரை ஸ்பூன் நெய் தடவுங்கள்.

ஒரு குழிக்கரண்டி மாவை எடுத்து நடுவில் ஊற்றுங்கள். அவ்வளவுதான், தேய்க்கக் கூடாது. பழக்கதோஷத்தில் கை தானாகவே வட்டமாகச் சுழலப் பார்க்கும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். மாவு தானே உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நின்றுகொள்ளும். ஒரு நிமிடத்தில் மேலே சின்னச் சின்னக் குமிழி வரும். உடனே திருப்பாதீர்கள். அந்தக் குமிழிகள் உடைந்து, ஆப்பத்தில் இருப்பதுபோல் ஓட்டை மூடாமல் நிற்கும். ஓரத்தில் ஈரப் பளபளப்பு போய் மங்கலாகும். அதற்கு இரண்டு, இரண்டரை நிமிடம் ஆகும். அப்போது தோசைத்திருப்பியை அடியில் முழுவதுமாகக் கொடுத்து ஒரே மூச்சில் திருப்புங்கள். மறுபக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். திருப்பிய பிறகு கரண்டியால் அழுத்த வேண்டாம், உப்பியது அமுங்கிவிடும். முதல் பான்கேக் கோணலாக வந்தால் கவலைப்படாதீர்கள், முதல் தோசை எந்த வீட்டில் ஒழுங்காக வந்திருக்கிறது?

புரதக் கணக்கைப் பார்த்துவிடலாம். முட்டையில் 12 கிராம், பனீரில் 9, பொட்டுக்கடலையில் 8, ஓட்ஸில் 5, பாலில் 2. மொத்தம் சுமார் 36. மூன்று பான்கேக் சாப்பிட்டால் 18 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 46 கிராம். ஆக, காலையிலேயே ஐந்தில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மேலே என்ன ஊற்றுவது? தேன், கருப்பட்டிப் பாகு எதுவானாலும் ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், கறுப்பாக இருப்பதால் கணக்கில் சேராமல் போகாது. என் கட்சி, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துத் தூவுவது. மெத்தென்ற பான்கேக்கில் நடுநடுவே அது கடிபடுவது தனி ருசி.

முட்டை சாப்பிடாதவர்கள் 50 கிராம் பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து, பனீரோடு சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். புரதம் குறையாது. ஆனால் முட்டை போட்டதுபோல் உப்பி வராது, உடையவும் செய்யும். சின்னதாக ஊற்றி, மூடி போட்டு வேகவிடுங்கள்.

கலக்கிய மாவை மறுநாளைக்கு எடுத்துவைக்காதீர்கள், பழம் கறுத்து மாவு நீர்த்துவிடும். வேண்டுமானால் பொட்டுக்கடலையும் ஓட்ஸும் சம எடையில் மொத்தமாகப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். அதில் 80 கிராம் எடுத்தால் ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும்.