முந்திரியில் இல்லாத குரோமியம்

போன வாரம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், முந்திரி சாம்பிளை மிக்ஸி ஜாரில் கொட்டி மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். "நிறுத்தும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பதறிக் கையை எடுத்துவிட்டாள். வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே காரியம். பருப்புகளில் உள்ள உலோகங்களையும் தாதுக்களையும் அளக்கும்போது எங்கே சறுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். கையுறை போடு, லேபிள் ஒட்டு என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

அரைப்பது

அன்று என் முந்திரியில் குரோமியமும் நிக்கலும் தாறுமாறாக ஏறியிருந்தன. பிளாங்க், அதாவது சாம்பிள் போடாமல் ஓட்டிப் பார்க்கும் வெற்றுச் சோதனை, சுத்தம். சரிபார்க்க வைத்த நிஸ்ட் 2387 கடலை வெண்ணெயில் (அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அளவுகளைச் சான்றளித்து விற்கும் மாதிரி) இரும்பும் துத்தநாகமும் சான்றிதழில் உள்ளபடியே வந்தன. அப்படியென்றால் முந்திரியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, தோட்டத்து மண், வறுத்த சட்டி என எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு மூன்று வாரம் ஓட்டினேன். அளக்கும் கருவிக்கான ஆர்கான் வாயு இரண்டு சிலிண்டர் காலி. கடைசியில் வெறுத்துப்போய், ஒரு பருப்பைச் செராமிக் கத்தியால் நறுக்கி அப்படியே அமிலத்தில் கரைத்தேன். குரோமியத்தைக் காணோம்!

பிளாங்க் வெறும் அமிலம். கடலை வெண்ணெய் அரைத்தே வருவது. இரண்டுமே ஜார் பக்கம் போகவில்லை. போனது முந்திரி மட்டும். ஜாரும் பிளேடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரக ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 50 கிராம் பருப்பில் 0.1 மில்லிகிராம் ஸ்டீல் தேய்ந்து விழுந்தாலே கிலோவுக்கு 0.36 மில்லிகிராம் குரோமியம் கூடிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிளாங்க் சுத்தமாக இருக்கிறதே என்று யாராவது வாதாடினால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

சிர்கோனியா என்ற செராமிக்கில் செய்த அரைப்பான் வாங்குங்கள். பாதிக்குப் பாதி எண்ணெய் என்பதால் பருப்பைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரையுங்கள், இல்லையென்றால் அல்வாதான். ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் பருப்பை அரைக்காமல் நறுக்கிக் கரைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடை

சாம்பிளை அமிலத்தில் கரைக்கும் மூடிய மைக்ரோவேவ் குப்பியில் 1 கிராம் போடாதீர்கள். நைட்ரிக் அமிலத்தோடு அவ்வளவு எண்ணெய் சேர்ந்தால் வாயு பொங்கி அழுத்தம் எகிறும். வால்வு திறந்தால் சாம்பிளும் கூடவே போய்விடும். 0.3 கிராம் போதும்.

உலையில் சாம்பலாக்குவது

செலினியம் பார்ப்பதாக இருந்தால் வேண்டாம். ஆவியாகிவிடும்.

பிரேசில் நட்

மரம் நின்ற மண்ணைப் பொறுத்து இதன் செலினியம் பல மடங்கு மாறும். நாலு பருப்பை எடுத்து அளந்துவிட்டு மூட்டைக்கே கணக்குச் சொல்லாதீர்கள்.

ஈரப்பதம்

ஈர எடையா, உலர் எடையா என்று எழுதாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.