கிளிப் ஒட்டும் நாளிலேயே நடந்துவிடும் தவறுகள்

பிள்ளையின் பல்லுக்குக் கிளிப் போட்டு ஒரு வருடம் ஆனபின் அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லாப் பல்லும் நேராயிடுச்சு டாக்டர், இது ஒண்ணு மட்டும் ஏன் நீட்டிக்கிட்டு நிக்குது?" பெரும்பாலும் குற்றம் பல்லின் மீது இல்லை, பிராக்கெட்டை, அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டை, ஒட்டிய எங்கள் கை மீதுதான்.

பல்சீரமைப்பு முன்னோடி எட்வர்ட் ஆங்கிள் காலத்தில் கம்பியை வளைத்து வளைத்துத்தான் பல்லை நகர்த்தினார்கள். 1970-களில் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் அந்த வளைவுகளைப் பிராக்கெட்டுக்குள்ளேயே அமைத்துவிட்டார். ஒவ்வொரு பல்லுக்கும் தனிப் பிராக்கெட், கம்பி நேராகவே போகும். வேலை எளிதானது. ஆனால் ஒட்டும் இடம் பிசகினால் கம்பி அந்தப் பிசகையும் அப்படியே பல்லில் இறக்கிவிடும். பிராக்கெட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஈறுப் பக்கம் தள்ளி இருந்தால் பல் வெளியே வந்து நீண்டு தெரியும். நுனிப் பக்கம் தள்ளி இருந்தால் உள்ளே போய்க் குட்டையாகும். மேல் முன்பல்லில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே சிரிப்பில் தெரிந்துவிடும்.

கண்மதிப்பை நம்பினால் இந்த அரை மில்லிமீட்டர் தப்பும். கேஜ் என்ற உயரம் அளக்கும் கருவியை வைத்து அளந்தாலும் தப்பலாம், ஏனென்றால் கேஜ் பல் நுனியிலிருந்துதான் அளக்கிறது. நுனி உடைந்தோ தேய்ந்தோ இருந்தால் அளவு சரி, இடம் தப்பு. ஈறு வீங்கிய வாயிலும் இதே சிக்கல். பாதிப் பல்லை ஈறு மூடியிருக்க, தெரிகிற பாதிக்கு நடுவை நடு என்று நினைத்து ஒட்டுவோம். பல்லைச் சுத்தம் செய்து, வீக்கம் வடிந்தபின் ஒட்டலாம். ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் உள்ள சின்னப் பற்களில் கண்ணே ஏமாற்றும். நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம், பிராக்கெட் நடுவில் இருப்பது போலவே தோன்றும். கடிக்கும் பரப்பின் மேல் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள், விலகல் தெரியும்.

பயிற்சிக் காலத்தில் நான் செய்த கூத்து ஒன்று. வலது கோரைப்பல்லின் பிராக்கெட்டை இடதிலும் இடதை வலதிலும் ஒட்டிவிட்டேன். எம்பிடி (MBT) என்ற பிராக்கெட் வகையில் மேல் கோரைப்பல்லுக்கு 8 டிகிரி சாய்வு. மாறிப்போனால் எதிர்ப்பக்கம் 8, ஆக 16 டிகிரி வித்தியாசம். வெளியே பல் வரிசைக்கு வந்துகொண்டுதான் இருந்தது, எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில்தான் வேர் பக்கத்துப் பல்லின் வேரை நோக்கிப் போவது தெரிந்தது. பிராக்கெட்டின் ஒரு மூலையில் சின்ன வண்ணப் புள்ளி இருக்கும். அது ஈறுப் பக்கமாக, வாயின் பின்புறம் பார்த்து வர வேண்டும். அன்றிலிருந்து பசை தடவுவதற்கு முன் புள்ளியைப் பார்ப்பேன்.

பிராக்கெட் கழன்றால் உடனே "முறுக்கு கடிச்சியா?" என்று பிள்ளையை அதட்டுகிறோம். பாதி நேரம் முறுக்குக்குச் சம்பந்தமே இருக்காது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 வினாடி வைத்துக் கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசியது போல் வெளுக்க வேண்டும். அதன்மேல் ஒரு துளி எச்சில் பட்டால் பிடிப்பு போச்சு, அமிலம் மறுபடி வைக்க வேண்டும். கீழ்ப் பிராக்கெட் மீது மேல்பல் இடிக்கிறதா என்று கடிக்கச் சொல்லிப் பார்க்காமல் அனுப்புவதும் நம் தவறுதான். பிராக்கெட்டை அழுத்தி வைத்ததும் ஓரத்தில் பிதுங்கும் பசையை பசையை இறுக்கும் லைட்டைக் காட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். விட்டால் அழுக்கு சேர்வது அங்கேதான்.

கடைவாய்ப்பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையமான பேண்டில் பெரிய தவறு, சுலபமாக ஏறுகிறதே என்று ஒரு சைஸ் பெரிதாகப் போடுவது. இடைவெளியை சிமெண்ட் நிரப்பிக்கொள்ளும் என்ற நினைப்பு. சிமெண்ட் கரைந்ததும் எச்சில் உள்ளே போகும், பேண்டைக் கழற்றும் நாளில்தான் அடியில் சொத்தை தெரியும். பேண்டுக்கு இடம் உண்டாக்க சில நாள் முன்பே பற்களுக்கு நடுவில் செப்பரேட்டர் என்ற சின்ன ரப்பர் வளையம் வைப்போம். திரும்பி வரும்போது ஒன்று குறைந்தால் "விழுந்திருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். ஈறுக்கு அடியில் இறங்கிக் கிடந்தால் எலும்பையே அரிக்கும். சில ரப்பர்கள் எக்ஸ்ரேயிலும் தெரியாது. எத்தனை வைத்தோம் என்று எழுதி வையுங்கள்.

இடம் தப்பியது தெரிந்தபின் கம்பியில் வளைவு போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். தடித்த ஸ்டீல் கம்பிக்குப் போவதற்கு முன்பே ஒரு ஓபிஜி எடுத்துப் பார்த்து, தப்பாக இருக்கும் பிராக்கெட்டைக் கழற்றித் திரும்ப ஒட்டுவதே நல்லது. ஒட்டிய பிறகு சில நாளைக்கு மெல்லிய கம்பிக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஏன் என்று வீட்டில் கேட்பார்கள். காரணத்தை அன்றே சொல்லிவிடுங்கள்.