கண்ணாடிக் குடிலில் சிலந்தி தேடுவது எப்படி?

நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் பூச்செடிக் குடிலில், வெளியே பனி கொட்டினாலும் உள்ளே 20 டிகிரி இருக்கும். வெப்பநாட்டுச் சிலந்திகள் செடித் தொட்டியோடு வந்து இங்கேயே குடித்தனம் நடத்துவது அதனால்தான்.

முதலில் சுடுநீர்க் குழாய்க்குப் பக்கத்துத் தொட்டிகளைப் பாருங்கள். ஸ்பிரேயரில் லேசாகத் தண்ணீர் தூவினால், படுக்கைவாட்டில் விரிந்த வலை துளித்துளியாகத் தெரியும். நடுவில் காய்ந்த சருகுத் துணுக்கு தொங்குகிறதா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். முன்னங்கால்களில் இறகு போல மயிர்க்கொத்து இருந்தால் அது உலோபோரஸ் புளூமிபஸ் என்ற சிலந்தி. முதல் வாரம் குப்பை என்று நான் துடைப்பத்தால் இழுத்துத் தள்ளியது இதைத்தான்.

இதற்கு விஷச் சுரப்பியே கிடையாது. இரையை நூலால் சுற்றிச் சுற்றியே மடக்கிவிடும். வெள்ளை ஈக்களைத் தின்பதால், சம்பளம் வாங்காத ஆள். ஆனால் நூலாம்படை பிடித்த செடியை யார் வாங்குவார்கள்? சரி, விற்பனைக்குப் போகும் செடியில் மட்டும் வலையைக் குச்சியில் சுற்றி எடுத்து, சிலந்தியைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். குளிர்காலத்தில் வெளியே விட்டால் பிழைக்காது. அப்புறம், இலையோரம் பழுப்புக் காகிதத் துணுக்கு மாதிரி ஒட்டியிருந்தால் கிள்ளிப் போடாதீர்கள், அது முட்டைப் பை.