வைகை முடியும் கரையிலிருந்து வைகை பிறக்கும் மலைக்கு

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு விடுமுறையில் வரும் நம் உறவினர்கள், இராமேசுவரம், தனுஷ்கோடி, ஏர்வாடி என்று கரையோரமாகவே சுற்றி, துணிமணி வாங்க ஒரு நாள் மதுரைக்குப் போய்வந்து, அத்துடன் விமானம் ஏறிவிடுகிறார்கள். இன்னும் நான்கு நாள் ஒதுக்க முடிந்தால், இதே கரையிலிருந்து வைகையைப் பிடித்துக்கொண்டே மேற்கே சென்று தேனி மாவட்டத்து மேகமலை வரை ஏறிவிடலாம். அதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதை, பல முறை உறவினர்களை அழைத்துச் சென்ற பழக்கத்தில் எழுதுகிறேன்.

பயணத்தை ஆற்றங்கரை என்னும் ஊரில் தொடங்குங்கள். அழகன்குளத்தை அடுத்த இச்சிற்றூரில்தான் வைகை பாக் நீரிணையில் கலக்கிறது. கலக்கிறது என்று சொல்கிறோமே தவிர, பல ஆண்டுகளில் நீர் இங்கே வந்து சேர்வதே அரிது. வருவதை இராமநாதபுரம் பெரிய கண்மாயே வாங்கிக்கொள்ளும். இந்த வறண்ட மணற்படுகையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்களுக்கே மேலே மலையில் கசியும் ஒவ்வோர் ஓடையின் அருமையும் விளங்கும். சேதுபதி மன்னரின் பிரதானியாக, அதாவது அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளை, மேற்கே பாயும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்க முடியுமா என்று 1789ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். செலவு மிகுதி என்று அந்த எண்ணம் கைவிடப்பட்டு, 1895இல் பென்னிகுவிக்கின் முல்லைப்பெரியாறு அணையால்தான் நிறைவேறியது. ஆகவே அந்த மலை நமக்கு அயலான மலை அன்று.

வண்டியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: மலைப்பாதையில் பழகாதவர்கள் ஓட்டுநருடன் வரும் வாடகை வண்டியையே எடுக்க வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் உங்கள் நாட்டு அசல் உரிமமும் கையில் இருந்தால் நீங்களே ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இடப்பக்கம் ஓட்டுவதும் புதிதன்று. ஆனால் எதிரே வரும் பேருந்துக்கு எந்த இடத்தில் ஒதுங்கி நிற்பது, எந்த வளைவில் ஒலிப்பானை அடிப்பது என்பதை எந்த உரிமமும் கற்றுத்தராது. தெரிந்தவர் வீட்டு வெள்ளை எண்பலகையுள்ள சொந்த வண்டியை வாடகைக்கு எடுப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். மஞ்சள் பலகையுள்ள டி போர்டு என்னும் வாடகை வண்டியோ, நீங்களே ஓட்டுவதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியோதான் முறையானவை. பேசும்போதே கிலோமீட்டர் கட்டணம், ஓட்டுநர் பேட்டா, இரவு தங்கல், மலை ஏறுவதற்கான கூடுதல் தொகை ஆகிய அனைத்தையும் கேட்டுவிடுங்கள். ஓட்டுநர் படுக்க நல்ல இடம் கிடைத்ததா என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். மறுநாள் உங்கள் குடும்பம் முழுவதும் அவர் தூக்கத்தை நம்பியே வளைவுகளில் திரும்பப் போகிறது.

கரையை விட்டுக் கிளம்புமுன் மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை திறக்கப்படும்வரை, 1964 புயலில் அழிந்த ஊரைப் பார்க்க விரும்பியவர்கள் அந்தச் சத்திரத்திலிருந்து மீனவர்களின் வேன்களிலும் ஜீப்புகளிலும் நீரையும் மணலையும் தாண்டித்தான் போனார்கள். அந்த நினைவில் இன்றும் சிலர் வாடகைக் காரைக் கடற்கரை மணலில் இறக்குகிறார்கள். என் உறவினர் ஒருவர் அப்படி இறக்கிய வண்டியை, ஓதம் ஏறும் நேரத்தில், டிராக்டர் கொண்டுவந்து இழுக்க வேண்டியதாயிற்று. மணலில் ஆமைகள் முட்டையிடும் பருவமும் உண்டு, குளிர்காலத்தில் பூநாரைகள் மேயும் உப்பங்கழியும் அருகிலேயே இருக்கிறது. சாலையில் நின்று பார்ப்பதே போதும். மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்வருவது நல்லது.

இராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை வரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சாலை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே செல்கிறது. மதுரையில் நிற்காமல் உசிலம்பட்டி வழியே போனால் ஆண்டிப்பட்டி கணவாயைத் தாண்டியதும் மலைத்தொடர் முகம் காட்டும். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை அருகில்தான்; அணைப் பூங்காவில் பிள்ளைகளைச் சிறிது ஓடவிட்டு, இரவைத் தேனியில் கழியுங்கள்.

மறுநாள் விடியலில் சின்னமனூர் போய், அங்கேயே எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள், மலைமேல் கிடைக்காது. அங்கிருந்து மேகமலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்றாலும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்து வனத்துறைச் சாவடியில் வண்டி எண்ணையும் பெயர்களையும் பதிவு செய்வார்கள். பொழுது சாய்ந்தபின் மேலே விடுவதில்லை. 2021இல் இம்மலை திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் நம் பழம்பாடல்களில் வரும் மலர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளை அவற்றை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; தலைசுற்றலும் குறையும், தமிழும் பழகும். பாதி வழியில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்புமாக விரிந்து கிடக்கும். மேலே ஏற ஏறத் தேயிலை, அதற்கும் அப்பால் சோலைக்காடு, நடுவே நீர்த்தேக்கம் என்று காட்சி மாறிக்கொண்டே போகும். மலைமேல் உள்ள தேயிலைத் தோட்ட ஊரான ஹைவேவிஸ் வரை சாலை நன்று. அதைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு செல்லும் பாதையில் தாழ்வான காரை விட வேண்டாம். எஸ்டேட் மக்கள் செல்லும் பேருந்திலோ உள்ளூர் ஜீப்பிலோ போனால் அவர்களுடன் பேசியபடியே போகலாம். காட்டு மாடுகளும் யானைகளும் சாலைக்கு வருவது இங்கே இயல்பு. வந்தால் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஒலிப்பானைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். இறங்கிப் படம் எடுக்கக் கூடாது.

கரடுமுரடான பாதையின் சுவையை அறிய விரும்புவோர் போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி சென்று கொழுக்குமலைக்கு ஏறலாம். அங்குள்ள தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்தின் வழியாகத்தான் இருக்கிறது. எல்லை தாண்டுவதை ஓட்டுநரிடம் முதலிலேயே சொன்னால் அனுமதிக் கட்டணத்தைக் கட்டி வைப்பார். உங்கள் வண்டி சூரியநெல்லியோடு நின்றுவிடும். அதற்குமேல் பெயர்ந்த கற்களே பாதை. விடியுமுன் கிளம்பும் உள்ளூர் ஜீப்புகள் மட்டுமே ஏறும். முதுகுவலி உள்ளவர்களும் கருவுற்றிருக்கும் பெண்களும் கீழேயே தங்கிவிடுவது நலம். 7,000 அடிக்கும் மேலே, உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில், காலடியில் மேகம் கிடக்கக் கிழக்கே ஞாயிறு எழும். அந்தத் திசையில்தான் நாம் புறப்பட்டு வந்த கடல் இருக்கிறது. பக்கத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகவே வனத்துறை அனுமதி இல்லாத எந்த நடைபாதையிலும், யார் அழைத்தாலும், கோடையில் கால் வைக்காதீர்கள்.

டிசம்பர் கடைசியும் சனவரியும் ஏற்ற காலம். சூன் முதல் செப்டம்பர் வரை மேலே மழையும் மூடுபனியும் அட்டையும் மிகுதி. அக்டோபர், நவம்பரில் மண்சரிவுச் செய்தி பார்த்துக் கிளம்ப வேண்டும். கொடைக்கானலையும் சேர்ப்பதாக இருந்தால், 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை, அதாவது மலை ஏறும் வண்டிகளுக்கான இணைய அனுமதியை, முன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் மின்னஞ்சல் முகவரி கொண்டு பதிவு செய்யலாம். கடற்கரை வெக்கையில் பழகிய பெரியவர்களுக்குக் கம்பளி, காதை மூட மப்ளர் கட்டாயம் வேண்டும்.

இறங்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு நின்று வழிவிடுவது மலைச்சாலை மரபு. கருகிய வாடை வந்தால் கூச்சப்படாமல் ஓட்டுநரிடம் சொல்லி, அகலமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தச் செய்யுங்கள். இருட்டுமுன் அடிவாரம் வந்து தேனியில் படுத்தெழுந்தால், மறுநாள் மதிய உணவுக்கு இராமநாதபுரம் வந்துவிடலாம்.