டேப்லெட்டில் ஸ்லைடு மேல் எழுதிப் பாடம் நடத்த

ஸ்லைடின் மேல் எழுத முதலில் வேண்டியது எழுத இடம். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். கணக்கின் எல்லாப் படிகளையும் ஸ்லைடிலேயே போட்டுவிட்டால் பேனாவுக்கு வேலை இல்லை; கேள்வியும் படமும் மட்டும் இருக்கட்டும், விடையை வகுப்பில் எழுதுங்கள்.

ஸ்லைடுகளைக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி டேப்லெட்டுக்கு அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், பிபிடியாகப் போனால் டேப்லெட்டில் அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். பிடிஎஃப்பில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் அனிமேஷன் போய்விடும். ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதனால் ஒவ்வொரு படிக்கும் தனி ஸ்லைடு போடுங்கள்.

புரொஜெக்டரோடு இணைக்க வயரே நல்லது. பல கல்லூரிகளில் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள், வயர்லெஸ் இணைப்பு அங்கே எடுபடாது. யூஎஸ்பி-சி முனை உள்ள ஐபேடுக்கு ஹெச்டிஎம்ஐ அடாப்டர் போதும். சார்ஜ் செய்யும் துளையும் சேர்ந்த அடாப்டராக வாங்குங்கள். துளை ஒன்றுதான், அதை அடாப்டர் பிடித்துக்கொள்ளும். பழைய புரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் விஜிஏ அடாப்டர் தனியாக வேண்டும். ஆண்ட்ராய்டில் கவனம்: யூஎஸ்பி-சி இருப்பதால் மட்டும் படம் வெளியே போய்விடாது. சாம்சங் டேப் எஸ்6 லைட்டில் எழுத எஸ் பென் என்ற பேனா உண்டு, ஆனால் வயர் வழியே படம் வராது. வாங்குமுன், யூஎஸ்பி-சி வழியே படத்தை வெளியே அனுப்பும் 'டிஸ்ப்ளேபோர்ட்' வசதி உண்டா என்று பாருங்கள்.

ஐபேடில் பிடிஎஃப் மேல் எழுத குட்நோட்ஸ் ஆப் வைத்திருந்தால் 'மிரர் ஃபுல் பேஜ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒரு மூலையைப் பெரிதாக்கி எழுதினாலும் மாணவர்கள் முழுப் பக்கத்தையும் அசையாமல் பார்ப்பார்கள், கருவிப்பட்டையும் தெரியாது. முழுத் திரையை மிரர் செய்தால் நீங்கள் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் வகுப்பின் கண் அலைபாயும்.

செட்டிங்ஸில் ஆட்டோ-லாக்கை 'நெவர்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும்போது திரை அணையும். ஆப்பிள் பென்சில் பகுதியில், பென்சிலால் மட்டும் வரையும் தெரிவை இயக்கினால் உள்ளங்கை பட்டுக் கோடு விழாது. வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள்.

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள், வெளிர்பச்சை இரண்டும் புரொஜெக்டரில் கரைந்துபோகும். அடர்நீலம், அடர்சிவப்பு எடுத்து, கடைசி பெஞ்சிலிருந்து தெரிகிறதா என்று பார்த்துத் தடிமனை முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன் பிடிஎஃப்பை நகலெடுத்து, பிரிவும் தேதியும் இட்டுப் பெயரிடுங்கள். இல்லையென்றால் 'பி' பிரிவு உள்ளே வரும்போது 'ஏ' பிரிவின் விடைகள் திரையில் இருக்கும்.